குளிர்அறை வெப்பநிலை, கொம்பிரசர் அதிர்வு: பதிவு செய்ய எந்தக் கருவியை வாங்குவது?

பேலியகொடைப் பக்கம் உறைமீன் களஞ்சியம் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு இடங்களில் வெப்பநிலை, இரண்டு கொம்பிரசர் மோட்டர்களின் அதிர்வு, அவை இழுக்கும் மூன்று பேஸ் மின்னோட்டம், இவ்வளவையும் கணினியில் பதிய வேண்டும். கே வகை தெர்மோகப்பிள்கள் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பநிலை சென்சர்கள்) ஸ்டோரில் ஏற்கெனவே இருக்கின்றன. 16 சேனல், 16-பிட், செக்கனுக்கு 250,000 சாம்பிள் (தனி வாசிப்பு) எடுக்கும் யூஎஸ்பி கார்ட் ஒன்றுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறீர்கள். அதை வாங்குவதா, 24-பிட் கார்டுக்குப் போவதா, அல்லது நண்பர் சொல்வதுபோல் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சின்னச் சின்ன போர்ட்களை வாங்கி நாமே செய்துவிடுவதா என்பது கேள்வி. ஆனால் உங்களுக்கு உள்ளூர வேண்டியது, பதிவாகும் எண்ணை நம்பி ஒரு முடிவு எடுக்கலாமா என்ற உறுதி என்றுதான் எனக்குப் படுகிறது. அறை −18 பாகைக்கு மேலே போகவில்லை என்று சரக்கு வாங்குபவரிடம் காட்டலாமா? பெயரிங் உடைவதற்கு முன்பே மோட்டரை நிறுத்தலாமா? இந்த இரண்டுக்கும் கருவி பதில் சொல்லாவிட்டால் அதில் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை.

கொழும்பிலும் சுற்றிலும் தொழிற்சாலைகளில் பல வருடமாகக் கருவியியல் வேலை செய்கிறவன் என்ற முறையில் என் பதில்: அந்தக் கார்டை வாங்க வேண்டாம். 24-பிட் என்ற ஒன்றுக்காக மட்டும் மற்றதையும் வாங்க வேண்டாம். உங்கள் மூன்று அளவைகளும் மூன்று வேறு இனம். வெப்பநிலை நிமிடக்கணக்கில் நகர்வது, சில மில்லிவோல்ட் மட்டுமே தருவது. அதிர்வு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை பார்க்க வேண்டியது. மின்னோட்டத்தில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதையே இன்னும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாக வராது. மெதுவானதற்கு ஒன்று, வேகமானதற்கு ஒன்று என்று பிரித்தால் மொத்தச் செலவு பெரும்பாலும் குறையவே செய்யும்.

முதலில் அந்த 16-பிட் கணக்கைப் பார்ப்போம். 16-பிட் என்றால் கருவியின் அளவு வீச்சு 65,536 படிகளாகப் பிரியும். இத்தகைய பொதுப்பயன் கார்ட்களின் வழக்கமான வீச்சு ±10 வோல்ட், அதாவது மொத்தம் 20 வோல்ட். வகுத்தால் ஒரு படி சுமார் 305 மைக்ரோவோல்ட். கே வகை தெர்மோகப்பிள் ஒரு பாகைக்குத் தருவதோ சுமார் 41 மைக்ரோவோல்ட். ஆக அந்த வீச்சில் ஒரு படி நகர வெப்பநிலை ஏழு பாகைக்கு மேல் மாற வேண்டும். −18க்கும் −12க்கும் வித்தியாசம் தெரியாத கருவி உங்களுக்கு எதற்கு? அதே 16-பிட், ±80 மில்லிவோல்ட் வீச்சுள்ள கருவியில் இருந்தால் ஒரு படி 2.4 மைக்ரோவோல்ட், அதாவது 0.06 பாகை. பிட் எண்ணிக்கை மாறவில்லை, முன்னால் இருக்கும் பெருக்கிதான் மாறியது. ஆகவே தரவுத்தாளைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது மிகச் சிறிய வீச்சு எது என்பதை.

அடுத்து, படி நுணுக்கமாக இருப்பதும் அளவு சரியாக இருப்பதும் வேறு வேறு. தையற்காரர் கையில் இழுபட்டுப்போன டேப்பிலும் மில்லிமீற்றர் கோடுகள் அப்படியேதான் இருக்கும். தெர்மோகப்பிளைப் பொறுத்தவரை இழுபட்ட டேப்பின் வேலையை இரண்டு விடயங்கள் செய்கின்றன. ஒன்று கம்பியின் சொந்தப் பிழை: கே வகையில் முதலாம் தரத்துக்கே ±1.5 பாகை அனுமதி உண்டு, இரண்டாம் தரத்துக்கு ±2.5. மற்றது கருவியின் முனையில் இருக்கும் குளிர்சந்தி ஈடு. தெர்மோகப்பிள் இரு முனைகளின் வித்தியாசத்தை மட்டுமே தரும். முனைப்பட்டையின் வெப்பநிலையைக் கருவி தானே அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும், அந்த அளவில் அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை பிசகுவது சாதாரணம். பக்கத்தில் சூடான பவர்சப்ளை இருந்தால் இன்னும் கூடும். 24-பிட் ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) இந்த இரண்டில் ஒன்றைக்கூடத் திருத்தாது.

நண்பர் சொன்ன போர்ட்களுக்கு வருகிறேன். அவற்றை நான் ஒதுக்கிவிடவில்லை, சில வேலைகளுக்கு நானும் பாவிக்கிறேன். ஆனால் உங்கள் வேலைக்கு எது பொருந்தாது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லலாம். கடைகளில் அதிகம் கிடைக்கும் மாக்ஸ்6675 சில்லு பூச்சியத்துக்குக் கீழே வாசிக்கவே வாசிக்காது, அதன் வீச்சு 0 முதல் 1024 பாகை வரை. உறைநிலை அறைக்கு அது அந்த இடத்திலேயே விலக்கு. அதன் அடுத்த தலைமுறையான மாக்ஸ்31855 கீழேயும் வாசிக்கும். ஆனால் அது கே வகையின் வளைகோட்டை ஒரு பாகைக்கு 41.276 மைக்ரோவோல்ட் என்ற நேர்கோடாக எடுத்துக்கொள்கிறது. போர்ட் 30 பாகையில் இருக்க, அறை −20இல் இருக்கிறது என்று வையுங்கள். நியமப் பட்டியலின்படி 30 பாகைக்கு 1.203 மில்லிவோல்ட், −20க்கு −0.778. வித்தியாசம் −1.981 மில்லிவோல்ட். அதைச் சில்லின் நேர்கோட்டால் வகுத்தால் −48 பாகை, 30ஐக் கூட்டினால் −18. உண்மையில் −20 ஆக இருக்கும் அறையை அது −18 என்று காட்டும். உறைநிலை உணவுக்குப் பிடிக்கும் எல்லைக்கோட்டிலேயே போய் நிற்கிறது! போர்ட் காட்டும் எண்ணிலிருந்து மில்லிவோல்ட்டைத் திருப்பி எடுத்து, சரியான பட்டியலைக் கொண்டு மென்பொருளில் திருத்தலாம். அதைச் செய்யத் தெரிந்தவர் கையில் அது நல்ல சில்லு. அப்படியே வாங்கி மாட்டி, வரும் எண்ணை எழுதுகிறவருக்கு அல்ல.

இதையெல்லாம் பார்த்தபின் என் ஆலோசனை, ஸ்டோரில் இருக்கும் கே வகையை இந்த அறைகளுக்குப் பாவிக்காதீர்கள் என்பதுதான். சும்மா இருக்கிறதே என்று எடுப்பது பின்னால் செலவு வைக்கும். கே வகை சூளைக்கும் புகைபோக்கிக்கும் ஏற்றது. −30 முதல் +40 வரையான வேலைக்கு பிடி100 (வெப்பநிலைக்கேற்பத் தடை மாறும் பிளாட்டினம் சென்சர்) எடுங்கள். ஏ தரத்து பிடி100 −20 பாகையில் ±0.19 பாகைக்குள் நிற்கும், பி தரம் என்றாலும் ±0.4தான். குளிர்சந்தித் தொல்லையும் இல்லை. ஒரே நிபந்தனை, மூன்று வயர் அல்லது நான்கு வயர் இணைப்பாக இருக்க வேண்டும். பிடி100 ஒரு பாகைக்கு 0.385 ஓம் மட்டுமே மாறும். அரைச் சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 20 மீற்றர் போய்த் திரும்பினால் வயரே ஒன்றரை ஓம் அளவுக்கு வரும். இரண்டு வயர் இணைப்பில் அது ஏறக்குறைய 4 பாகையாக வாசிப்பில் ஏறிவிடும். மூன்றாவது வயர் இருந்தால் கருவி அதைக் கழித்துவிடும். வாங்கும் மொடியூல் மூன்று வயர் பிடி100ஐ நேராக ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலாளி கே வகையைத்தான் பாவிக்க வேண்டும் என்று நின்றால், சந்தியிலிருந்து கருவி முனை வரை கே வகை நீட்டிப்பு வயரே போக வேண்டும். அறைக்குள்ளே ஒரு பெட்டியில் சாதாரணச் செப்பு வயரோடு முடிச்சுப் போட்டால், தெர்மோகப்பிளும் முடிச்சும் ஒரே குளிரில் இருப்பதால் வோல்ட் எதுவும் பிறக்காது. கருவி தான் இருக்கும் அறையின் 30 பாகையைக் காட்டும். நிறத்தையும் கவனியுங்கள். ஐரோப்பிய முறையில் கே வகைக்குப் பச்சை நேர், வெள்ளை மறை. அமெரிக்க முறையில் மஞ்சள் நேர், சிவப்பு மறை. இரண்டு முறை வயரும் நம் சந்தையில் புழங்குகின்றன. சிவப்பைக் கண்டதும் நேர் என்று மாட்டுவது நம்மவர் கைப்பழக்கம், இங்கே அது தலைகீழாகிவிடும்.

வெப்பநிலைக்கு வேகம் தேவையே இல்லை. பத்துச் செக்கனுக்கு ஒரு வாசிப்பு தாராளம். மெதுவான கருவி இங்கே நல்ல கருவி, ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதன் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். அவ்வளவு நேரமோ அதன் மடங்கோ சேர்த்துச் சராசரி எடுக்கும் ஏடிசி மின்கம்பி இரைச்சலைத் தானாகவே அடித்துவிடும். செக்கனுக்கு 250,000 எடுக்கும் கார்ட் அந்த இரைச்சலைத்தான் அழகாகப் படம்பிடிக்கும். எனவே ஆர்எஸ்-485 கம்பியில் மொட்பஸ் (கருவிகள் தரவு பரிமாறும் பொது முறை) பேசும் எட்டுச் சேனல் பிடி100 மொடியூல் ஒன்றை, அல்லது ஆறு சேனல் மொடியூல் இரண்டை, இயந்திர அறையில் பொருத்துங்கள். யூஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீற்றர்தான் எல்லை. ஆர்எஸ்-485 குறைந்த வேகத்தில் 1200 மீற்றர் வரை போகும். மொட்பஸ் திறந்த முறை என்பதால் ஐந்து வருடம் கழித்து அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் வேறொரு மொடியூலை அதே இடத்தில் வைக்கலாம். அப்புறம் ஒன்று: டிஃப்ரொஸ்ட் (குளிர்சுருளில் படிந்த பனியை உருக்குவது) ஓடும் நேரத்தில் காற்றின் வெப்பநிலை ஏறி இறங்கும், மீனின் வெப்பநிலை அப்படி ஏறாது. ஒன்றிரண்டு சென்சர்களை கிளைக்கோல் நிரப்பிய சிறு போத்தலுக்குள் வைத்தால் சரக்கின் நிலைக்குக் கிட்டிய வாசிப்பு வரும். காற்றையும் சரக்கையும் தனித்தனிச் சேனலாகப் பதியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு டிஃப்ரொஸ்டுக்கும் அலாரம் அடித்து, கடைசியில் யாராவது அலாரத்தையே அணைத்துவிடுவார்கள்.

இனி அதிர்வு. உங்கள் கார்டில் 250,000 என்பது எல்லாச் சேனலும் பங்கு போடும் மொத்தம். 16 சேனலும் ஓடினால் ஒன்றுக்கு 15,625. ஒரே ஏடிசி சேனல் சேனலாகத் தாவுவதால் முந்தைய சேனலின் வோல்ட் கொஞ்சம் அடுத்ததில் ஒட்டிக்கொண்டும் வரும். 5 வோல்ட் சேனலுக்குப் பக்கத்தில் ஒரு மில்லிவோல்ட் சேனலை வைத்தால் இது கண்கூடாகத் தெரியும். அதைவிடப் பெரிய குறை, அதில் முன்வடிகட்டி, அதாவது சாம்பிள் வேகத்தின் பாதிக்கு மேலான அதிர்வெண்களை முன்கூட்டியே தடுக்கும் பகுதி, கிடையாது என்பது. செக்கனுக்கு 1000 சாம்பிள் எடுக்கும்போது 980 ஹேர்ட்ஸில் ஒரு பெயரிங் சத்தம் வந்தால் அது 20 ஹேர்ட்ஸ் என்று பதிவாகும். நான்கு காந்தத் துருவ மோட்டர் நிமிடத்துக்கு 1500க்குச் சற்றுக் குறைவாக, அதாவது செக்கனுக்கு 24, 25 தடவை சுற்றுவதால், அதைப் பார்க்கிறவர் சமநிலைக் கோளாறு என்றோ தளர்ந்த அடித்தளம் என்றோ எண்ணி வேறெதையோ கழற்றுவார். பதிந்தபின் எந்த மென்பொருளாலும் இதைப் பிரித்தெடுக்க முடியாது. வடிகட்டல் ஏடிசிக்கு முன்னாலோ அதற்குள்ளேயோ நடக்க வேண்டும். உள்ளேயே வடிகட்டும் டெல்டா-சிக்மா வகை ஏடிசிகள் அதிர்வுக் கருவிகளில் விரும்பப்படுவதற்கு இதுவே முதல் காரணம்.

ஆக அதிர்வுக்குக் கேட்க வேண்டியவை இவை: ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஏடிசி, எல்லாம் ஒரே நேரத்தில் சாம்பிள் எடுப்பது, உள்ளேயே முன்வடிகட்டி, ஐஈபிஈ சென்சருக்கு (உள்ளேயே சிறு பெருக்கி கொண்ட அதிர்வு சென்சர்) மின்சாரம் ஊட்டும் வசதி. தொழிற்சாலை அதிர்வு சென்சர்கள் பெரும்பாலும் ஐஈபிஈ வகை. கருவி அதற்கு 4 மில்லிஅம்பியர் போல ஒரு மாறா மின்னோட்டத்தைத் தராவிட்டால் சென்சர் பேசாது. 24-பிட் உண்மையாகக் கைகொடுக்கும் இடம் இதுதான். வழக்கமான சென்சர் ஒரு ஜிக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) 100 மில்லிவோல்ட் தரும். மோட்டரின் பெரிய ஆட்டமும், பெயரிங் கெடத் தொடங்கும்போது எழும் நூறில் ஒரு ஜி அளவான மெல்லிய சத்தமும் ஒரே கம்பியில் வருகின்றன. பெரியதை வெட்டாமல் சிறியதைப் பிடிக்க அந்த அகலம் வேண்டும். நாஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 9234 இந்த வகைக்கு நல்ல உதாரணம்: நான்கு சேனல், 24-பிட், சேனலுக்கு 51,200 சாம்பிள், உள்ளேயே ஐஈபிஈ. அதைத்தான் வாங்குங்கள் என்று சொல்லவில்லை, மற்ற நிறுவனங்களின் தரவுத்தாளை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மலிவான ஏடிஎக்ஸ்எல்345 போன்ற சில்லுச் சென்சர்கள் 1600 ஹேர்ட்ஸுக்கு மேலே பார்ப்பதில்லை. மோட்டர் மொத்தமாகக் கூடுதலாக ஆடுகிறதா என்று அறிய அவை போதும், பெயரிங்கின் முதல் அறிகுறிக்குப் போதாது.

எவ்வளவு வேகம்? மொத்த அதிர்வை ஐஎஸ்ஓ 20816 என்ற சர்வதேச அதிர்வு நியமத்தின் முறையில் மதிப்பிட 10 முதல் 1000 ஹேர்ட்ஸ் வரை போதும். பெயரிங்குக்கு 10 கிலோஹேர்ட்ஸ் வரை பார்ப்பது வழக்கம். தேவையான எல்லையை 2.56ஆல் பெருக்குவது இந்தத் துறையின் பழக்கம், ஆகவே 25,600 சாம்பிள். இதை இடைவிடாமல் பதிந்தால் இரண்டு சேனலுக்கு, சாம்பிளுக்கு 4 பைட் வீதம், நாளொன்றுக்கு 17.7 கிகாபைட் சேரும். அதை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். மணிக்கு ஒரு தடவை பத்துச் செக்கன், சுமை ஒரே மாதிரி இருக்கும் நேரத்தில் எடுத்தால் நாளுக்கு 50 மெகாபைட்டுக்குள் முடியும், ஒப்பிடவும் வசதி. இரண்டே மோட்டர் என்பதால், மாதம் ஒரு தடவை கையடக்கக் கருவியோடு ஒருவரை வரவழைத்துப் பார்ப்பது நிரந்தரக் கருவியைவிட மலிவாக அமையலாம். அதையும் விலை கேட்டுப் பாருங்கள்.

மின்னோட்டத்துக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மோட்டர் எவ்வளவு சுமை இழுக்கிறது, மின்கட்டணம் எங்கே போகிறது என்பதற்கு மொட்பஸ் உள்ள மூன்று பேஸ் பவர்மீற்றர் ஒன்று போதும். அதே ஆர்எஸ்-485 கம்பியில் மாட்டிவிடலாம், அலைவடிவம் பதியத் தேவையில்லை. மின்னோட்ட அலையிலிருந்து ரோட்டர் பழுதைத் தேட விரும்பினால் மட்டும் அதிர்வுக் கருவியில் ஒரு சேனலை ஒதுக்குங்கள். எந்த வழியென்றாலும் 400 வோல்ட்டை அளவுக் கார்டுக்குள் நேராகக் கொண்டுவர வேண்டாம். 5 அம்பியர் சீடியின் (மின்னோட்டத்தை அளவுக்கு ஏற்பக் குறைக்கும் மாற்றி) இரண்டாம் பக்கத்தை மோட்டர் ஓடும்போது திறந்து வைக்கவும் வேண்டாம், அதில் ஆளைக் கொல்லும் வோல்ட் எழும்.

எந்த மொடியூலிலும் கல்வனிக் தனிமைப்படுத்தல் (நேர் மின்தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) இருக்கிறதா என்று பாருங்கள். குழாயோடு பற்றவைத்த சென்சர், மோட்டர் உடலில் திருகிய சென்சர், கணினியின் எர்த், இவை எல்லாம் ஒரே வோல்ட்டில் இருப்பதில்லை. இடையில் பிரிவு இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் உங்கள் சிக்னல் கம்பி வழியே ஓடும். ‘தனிமைப்படுத்தப்பட்டது’ என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் சேனலுக்குச் சேனலா, எல்லாச் சேனலும் சேர்த்துக் கணினியிலிருந்தா என்று கேளுங்கள். மோட்டர்கள் வேகத்தை மாற்றும் இன்வேட்டரில் ஓடினால் இது கட்டாயம்.

கொழும்புக்கு உரியவை சில உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் கடுமையாக இருக்கும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்புக் கம்பி போனால் இரு முனையிலும் சேர்ஜ் பாதுகாப்பு வேண்டும், முடிந்தால் அந்தத் துண்டுக்கு ஃபைபர் போடுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியில்தான் அறையின் வெப்பநிலைப் பதிவு மிகவும் தேவை. அந்த நேரத்தில் லெப்டொப்பை நம்ப முடியாது. சொந்த நினைவகமும் பற்றரியும் உள்ள லொகர் ஒன்று மொட்பஸை வாசித்துப் பதியட்டும், கணினி பிறகு எடுத்துக்கொள்ளட்டும். கருவிகளைக் குளிர்அறைக்குள் வைக்காதீர்கள். கேபிள் சுவரைத் தாண்டும் துளையை நன்றாக அடையுங்கள். நம் ஈரக்காற்று குழாய் வழியே உள்ளே இழுபட்டுப் பனியாகப் படிந்து, சென்சர் முனையில் கசிவு ஏற்படுத்துவது அடிக்கடி காணும் பழுது. உங்கள் இயந்திரம் அமோனியாவில் ஓடினால் அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும், சென்சர் உறையும் கிளாண்டும் துருப்பிடிக்கா உருக்காக இருக்கட்டும்.

வாங்குபவரிடம் பதிவைக் காட்டுவதென்றால் அளவுத்திருத்தச் சான்று கேட்பார்கள். சென்சர், வயர், மொடியூல் மூன்றையும் சேர்த்தே செய்வியுங்கள், மொடியூலுக்கு மட்டும் சான்று இருப்பது அறையின் வெப்பநிலைக்குச் சான்று ஆகாது. பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில் விசாரிக்கலாம். எந்த ஆய்வுகூடமானாலும் ஐஎஸ்ஓ 17025 (ஆய்வுகூடத் தகுதி நியமம்) அங்கீகாரம் வெப்பநிலைக்கும் உங்கள் வீச்சுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இடையிடையே நீங்களே சரிபார்க்க, சுத்தமான ஐஸை நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு ஃபிளாஸ்கில் வைத்துச் சென்சரை நடுவில் இறக்குங்கள். பூச்சியத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மேலே சொன்னவற்றில் பிட் கணக்கு, வயர் தடை, மாக்ஸ்31855இன் இரண்டு பாகை, சாம்பிள் வேகத்தால் வரும் போலி அதிர்வெண் ஆகியவை யார் கணக்கிட்டாலும் அப்படியேதான் வரும். 25,600, மணிக்கு ஒரு தடவை, பத்துச் செக்கனுக்கு ஒரு வாசிப்பு என்பவை என் அனுபவத் தெரிவுகள், உங்கள் இடத்தில் மாறலாம். எந்த அதிர்வு அளவில் மோட்டரை நிறுத்துவது என்பதை நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. ஸ்குரூ கொம்பிரசரும் பிஸ்டன் கொம்பிரசரும் நல்ல நிலையிலேயே வேறு வேறு விதமாக ஆடும், பிஸ்டன் வகைக்கு ஐஎஸ்ஓ 20816இல் எட்டாம் பாகம் தனியாகவே இருக்கிறது. முதல் சில வாரங்கள் இயந்திரம் நலமாக இருக்கும்போது பதிந்து, அதையே அடித்தளமாக வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

கொம்பிரசர் ஸ்குரூவா பிஸ்டனா, மோட்டர்கள் இன்வேட்டரில் ஓடுகின்றனவா, சென்சரிலிருந்து இயந்திர அறைக்குக் கேபிள் எத்தனை மீற்றர், குளிரூட்டி அமோனியாவா வேறா என்று எழுதுங்கள். பார்த்து வைத்திருக்கும் கார்டின் தரவுத்தாளில் உள்ள மிகச் சிறிய வீச்சையும் சேர்த்துப் போட்டால், வாங்க வேண்டிய பொருட்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம்.